ஒத்திசைவும் பாட வேறுபாடும்: திருவருட்பா ஒப்பீட்டு மின்படி உருவாக்கத்தில் பகிர்கோப்புகளின் இடம்

ஆய்வுச் சுருக்கம்

தொலைவிலிருந்து பலர் கூடி ஒரே கோப்புத் தொகுதியில் பணியாற்றும் முறை தமிழ் மின்பதிப்பு முயற்சிகளில் இயல்பாகிவிட்டது. இதற்குப் பயன்படும் கருவிகள் இருவகையின. எல்லாக் கணினிகளிலும் ஒரே கோப்பை நிலைநிறுத்தும் ஒத்திசைவுச் சேவை ஒருவகை. ஒவ்வொரு மாற்றத்தையும் ஆள், நாள், காரணம் ஆகியவற்றுடன் பதிந்துவைக்கும் திருத்த வரலாற்று முறை மற்றொரு வகை. திருவருட்பாவின் அச்சுப் பதிப்புகளை ஒப்பிட முயன்ற சிறு குழுவொன்றின் பட்டறிவைக் கொண்டு, முதல்வகை பாட வேறுபாட்டைக் காக்கத் தகுந்ததன்று என்பதையும், இரண்டாம்வகையும் தானாகவே ஒப்பீட்டுப் பதிப்பாகிவிடாது என்பதையும் இக்கட்டுரை வாதிடுகிறது.

திறவுச்சொற்கள்: திருவருட்பா, பதிப்பியல், பாட வேறுபாடு, கோப்பு ஒத்திசைவு, கிட், யூனிகோடு, மின்படி

முன்னுரை

நெய்வேலி நகரியத்திலிருந்து வடலூர் அரைமணி நேரப் பேருந்துப் பயணத்தொலைவில் உள்ளது. நகரியக் குடியிருப்புகளில் சன்மார்க்க அன்பர்கள் பலர் உண்டு. அவர்களது வீடுகளில் திருவருட்பாப் பதிப்புகள் பலவும் உண்டு. அத்தகைய வீடொன்றில், சுரங்கப் பணியிலிருந்து ஓய்வுபெறும் நிலையிலிருந்த ஒருவரிடம், ஆ. பாலகிருஷ்ண பிள்ளை பதிப்பின் தொகுதிகள் சில இருந்தன. பணி ஓய்வுக்குப் பின் குடியிருப்பை ஒப்படைத்தாக வேண்டும். நூல்கள் எங்குச் செல்லும் என்பது அவருக்கே தெரியவில்லை. நூல்கள் கைக்கெட்டும் தொலைவில் இருக்கும்போதே அவற்றின் பாடங்களைக் குறித்துவைத்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணமே இம்முயற்சிக்குத் தொடக்கம்.

கட்டுரையாளரின் முனைவர்பட்ட ஆய்வில் ஓர் இயல், அருட்பாவின் கிரந்த எழுத்துகள் பதிப்புக்குப் பதிப்பு எவ்வாறு நின்றன அல்லது நீங்கின என்பதைப் பற்றியது. ஜோதி என்னும் சொல் ஜகரத்தோடு அச்சேறுகிறதா, சோதி என மாறுகிறதா என்பது மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு அற்பமாகத் தோன்றலாம். 1916-இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கத்திற்கு முன்னும் பின்னும் வெளிவந்த பதிப்புகளை வரிசையாக வைத்துப் பார்க்கும் ஆய்வாளருக்கு அதுவே சான்று. ஆகவே பதிப்பில் உள்ளதை உள்ளவாறே, பிழையென்று தோன்றுவதையும் சேர்த்து, எழுத்துப் பெயர்க்க வேண்டியிருந்தது.

குழுவில் நால்வர். கட்டுரையாளர் நெய்வேலியில், விழுப்புரத்தில் கல்லூரி ஆசிரியர் ஒருவர், நகரியத்தில் பிறந்து வளர்ந்து பெங்களூருவில் மென்பொருள் துறையில் பணியாற்றும் நண்பர் ஒருவர், யாழ்ப்பாணத்தில் தன்னார்வலர் ஒருவர். நால்வரும் ஒரே அறையில் ஒருநாளும் கூடியதில்லை. பாடங்களைத் தட்டச்சு செய்வதும், அவற்றை ஒப்பிடும் சிறு பைத்தான் நிரல்களை எழுதுவதும் ஒரே கோப்புறையில் நடைபெற்றன.

அஞ்சல்வழி ஒரு பதிப்பு

தொலைவிலிருந்து கூடிப் பதிப்பித்தல் அருட்பாவுக்குப் புதிதன்று. 1860-களில் வள்ளலார் வடலூரை அடுத்த கருங்குழியில் தங்கியிருந்தார். அவர் பாடல்களை அச்சேற்ற விரும்பிய இறுக்கம் இரத்தின முதலியார் சென்னையில் இருந்தார். இருவருக்கும் இடையே கடிதங்கள் நடந்தன. பாடல்கள் பலரிடம் சிதறிக் கிடந்தன. அவற்றைத் திரட்டுவதற்கும் ஆசிரியரின் இசைவைப் பெறுவதற்கும் ஆண்டுகள் பிடித்தன. பாடல்கள் வந்துசேரும்வரை நாளொன்றுக்கு ஒருவேளை உணவே கொள்வதென இரத்தின முதலியார் உறுதிபூண்ட செய்தியும், இராமலிங்கசாமி என்று தம் பெயர் வழங்கப்படுவதை வள்ளலார் விரும்பாத செய்தியும் அக்கடிதங்கள் வழியாகவே நமக்குக் கிடைக்கின்றன. தொழுவூர் வேலாயுத முதலியார் பாடல்களை ஆறு திருமுறைகளாக வகுத்தார். முதல் நான்கு திருமுறைகள் 1867-இலும், ஐந்தாம் திருமுறை 1880-இலும் வெளிவந்தன. ஆறாம் திருமுறை, வள்ளலாரின் மறைவுக்குப் பின், 1885-இல் பிறரால் அச்சாயிற்று.

இங்கு நோக்கத்தக்கது ஒன்று. அச்சேறிய பாடல்களோடு, அவை அச்சேறிய வகையைப் பற்றிய தடயங்களும் நமக்கு எஞ்சியுள்ளன. யார் கேட்டார், யார் தயங்கினார், எந்நாளில் எது மறுக்கப்பட்டது என்பதெல்லாம் நாளிட்ட கடிதங்களில் கிடக்கின்றன. அஞ்சலின் தாமதம் ஒருவகையில் ஆய்வாளர்க்கு வாய்ப்பாயிற்று. இரு இடங்களிலும் இருவேறு படிகள் இருந்தமையால் அவற்றைப் பற்றிப் பேச வேண்டியிருந்தது. பேச்சு எழுத்தில் நின்றது. நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின் நால்வர் நான்கு ஊர்களிலிருந்து செய்த பணியில் இத்தகைய தடயம் எதுவும் எஞ்சவில்லை என்பதே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

நான்கு கணினிகளில் ஒரே கோப்பு

தொடக்கத்தில் குழு மேகச் சேமிப்புச் சேவையொன்றைப் பயன்படுத்தியது. நால்வர் கணினியிலும் ஒரே கோப்புறை. ஒருவர் மாற்றியது சில நொடிகளில் மற்ற மூவரிடமும் மாறும். இணையம் அறுந்தாலும் பணி தொடரும். இணைந்ததும் கோப்புகள் சமனாகும். இதைவிட எளிய ஏற்பாட்டைத் தமிழ்த்துறை ஆய்வாளர் வேண்டமாட்டார். பல துறைகளில் இன்றும் ஆய்வேடுகளும் தரவுகளும் இவ்வாறே பகிரப்படுகின்றன.

இச்சேவைகள் இயங்கும் முறையைச் சற்று விளக்க வேண்டும். ஒரு கோப்பில் மாறிய பகுதியை மட்டும் கண்டறிந்து மறுமுனைக்கு அனுப்பும் உத்தியை 1996-இல் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மெக்கரஸ் ஆகியோர் வெளியிட்ட ஆர்சிங்க் என்னும் மென்பொருள் பரவலாக்கியது. பின்வந்த ஒத்திசைவுச் சேவைகளின் நோக்கமும் அதுவே: இரு முனைகளும் விரைவில் ஒன்றாதல். ஒரே கோப்பை இருவர் ஒரே நேரத்தில் மாற்றியிருந்தால் பல சேவைகள் இரண்டாவதை ‘முரண்படி’ என்று பெயரிட்டு அருகில் வைக்கும். ஒருவர் மட்டும் மாற்றியிருந்தால் முரண் என்று எதுவும் இல்லை. புதியது பழையதன் இடத்தில் அமர்ந்துவிடும். மாற்றம் திருத்தமா, பிழையா, கைதவறா என்று அறியும் வழி கருவிக்கு இல்லை. அது அதன் வேலையும் அன்று.

நிகழ்ந்தது இதுதான். தேடல் நிரலைச் சோதிப்பதற்காகக் குழுவில் ஒருவர், தொடர்வண்டிப் பயணத்தில், கோப்புறை முழுவதிலும் ‘ஜோதி’ என்பதை ‘சோதி’ என்று மாற்றினார். தனிப்படி ஒன்றில் செய்வதாகவே எண்ணினார். செய்தது பகிர்ந்த கோப்புறையில். வீடு சேர்ந்து இணையத்தில் இணைந்ததும் மூன்று பதிப்புகளின் எழுத்துப்பெயர்ப்புகளும் நால்வர் கணினியிலும் ஒருசேர மாறின. எச்சரிக்கை எதுவும் எழவில்லை. எழ வேண்டிய காரணமும் இல்லை. ஒத்திசைவு தன் கடமையைக் குறைவின்றிச் செய்தது.

கட்டுரையாளர் இதனை அறிந்தது ஆறு வாரங்களுக்குப் பின்னர், இயலுக்கான அட்டவணையைத் தொகுத்தபோது. மூன்று பதிப்புகளும் ஓரிடத்திலும் வேறுபடாமல் ஒத்திருப்பதைக் கண்டு முதலில் மகிழ்ச்சியே தோன்றியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஓர் ஆய்வு முடிவு கிடைத்துவிட்டதாகவே எண்ணப்பட்டது. முடிவு அளவுக்கு மீறித் தூய்மையாக இருந்தமையே ஐயத்தை எழுப்பியது. சேவை பழைய நிலைகளை ஒரு மாதம் மட்டுமே வைத்திருக்கும், அக்காலம் கடந்திருந்தது. 1867, 1880, 1885 அச்சுகளின் மின்வருடல்களும் ஊரன் அடிகள் பதிப்பும் கையில் இருந்தன. அவற்றை மீண்டும் பார்க்க முடிந்தது. பாலகிருஷ்ண பிள்ளை பதிப்பின் தொகுதிகளோ உரியவருடன் சொந்த ஊருக்குச் சென்றுவிட்டன. கைப்பேசியில் நிழற்படம் எடுத்திருந்தவை பாதிக்கும் குறைவு.

பகிர்வதும் காப்பதும் ஒன்றென எண்ணியதே குழுவின் பிழை. நான்கு இடங்களில் ஒரே கோப்பு இருப்பதால் நான்கு படிகள் உள்ளன என்று தோன்றும். உண்மையில் இருப்பது ஒரே படி. அது நான்கு இடங்களில் ஒரே நேரத்தில் கெடக்கூடியது. ஓலைச்சுவடிக் காலத்தில் ஓர் ஊரில் ஏடெழுதுவோன் செய்த பிழை அடுத்த ஊர்ச் சுவடியைத் தொடாது. அந்த விலகல் இருந்தமையால்தான் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் பல ஊர்ச் சுவடிகளை ஒப்புநோக்க முடிந்தது. பிரதிபேதம் என்று அவர் குறித்தவை அனைத்தும், ஒத்திசைவு நோக்கில், சமனாகாத கோப்புகளே.

உருவம் ஒன்று, குறியீடு வேறு

இந்நிகழ்வுக்குப் பின் குழு கிட் என்னும் திருத்த வரலாற்று முறைக்கு மாறியது. லினக்ஸ் கருநிரலின் வளர்ச்சிக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய மென்பொருள் இது. ஒவ்வொருவர் கணினியிலும் முழு வரலாற்றுடன் ஒரு களஞ்சியம் இருக்கும். மாற்றம் தானாகப் பரவாது. ஒருவர் தம் மாற்றத்தைக் காரணத்துடன் பதிந்து, விரும்பி அனுப்பினாலன்றிப் பிறரைச் சேராது. களஞ்சியத்தையே ஒத்திசைவுக் கோப்புறைக்குள் வைக்கலாகாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கிட் தன் உட்கோப்புகளை ஒரு வரிசையில் எழுதுகிறது; ஒத்திசைவுச் சேவை அவ்வரிசையை அறியாமல் பாதியில் எடுத்துச்சென்று களஞ்சியத்தைச் சிதைக்கக்கூடும்.

எதிர்பாராத இடையூறு எழுத்துகளிலேயே இருந்தது. யூனிகோடில் ‘கொ’ என்பதை இருவகையாக எழுதலாம்: ககரத்துடன் ஒகரக் குறியைத் தனியொரு குறியீடாகச் சேர்த்தல், அல்லது கொம்பையும் காலையும் இரு குறியீடுகளாகச் சேர்த்தல். ‘கோ’, ‘கௌ’ ஆகியவற்றுக்கும் இவ்வாறே. திரையில் வேறுபாடு தெரியாது. யூனிகோடு நெறிப்படி இரண்டும் சமமானவை. வரிகளை ஒப்பிடும் நிரலுக்கோ அவை இரு வேறு சொற்கள். விழுப்புரத்தில் தட்டச்சு செய்த பாடலும் யாழ்ப்பாணத்தில் தட்டச்சு செய்த அதே பாடலும் எழுத்தளவில் ஒத்திருந்தும், ஒகர ஓகாரம் வரும் இடமெல்லாம் பாட வேறுபாடு எனக் கணினி காட்டியது. மேக் கணினிகளின் பழைய கோப்பு முறைமை கோப்புப் பெயர்களையே பிரித்த வடிவில் சேமித்தது; அங்கிருந்து வரும் கோப்புறையில் ஒரே பெயரில் இரு கோப்புகள் இருப்பதுபோல் தோன்றும். இச்சிக்கலுக்காகவே கிட் மென்பொருளில் தனி அமைப்பொன்று உண்டு. ‘ஸ்ரீ’யின் நிலை இன்னும் சிக்கலானது. ஶகரம் 2005-இல் யூனிகோடில் இடம்பெற்ற பின் அதனை முதலெழுத்தாகக் கொண்டும், முன்புபோல ஸகரத்தைக் கொண்டும் எழுதுகிறார்கள். இவ்விரண்டையும் யூனிகோடு சமமெனக் கொள்வதில்லை.

கிரந்த எழுத்துகளைப் பற்றிய ஆய்வில் இது பின்னிணைப்பில் தள்ளத்தக்க நுட்பச் செய்தியன்று. மின்படியில் வேறுபாடு என்று தெரிவது பதிப்பாசிரியரால் வந்ததா, தட்டச்சுப் பலகையால் வந்ததா என்று பிரித்தறியாமல் கணக்கெடுத்தால் ஆய்வே தவறாகும். பதிவுக்கு முன் எல்லாக் கோப்புகளையும் சேர்ந்த வடிவுக்கு மாற்றும் சிறுநிரல் ஒன்றைப் பெங்களூரு நண்பர் எழுதிச் சேர்த்தார். தமிழ்ப் பாடத்தை யாரேனும் பகிர்கோப்பில் தொகுக்கப் போகிறார்கள் என்றால், முதல் சொல்லைத் தட்டச்சு செய்யுமுன் செய்ய வேண்டியது இது.

எண்ணும் வரிசையும்

மற்றொரு சிக்கல் பாடல் எண். ஊரன் அடிகள் 1972-இல் வெளியிட்ட பதிப்பு பாடல்களைக் கால முறையில் வைக்கிறது. தொழுவூராரின் வரிசை அதுவன்று. இன்று பெரிதும் வழங்கும் 5,818 என்னும் தொடரெண் ஒரு பதிப்பின் வரிசையைச் சார்ந்தது. பாடல் எண்ணையே கோப்பின் பெயராக வைத்தால், நாம் அறியாமலே ஒரு பதிப்பாசிரியரின் கால ஆராய்ச்சியை ஏற்றுக்கொண்டவராகிறோம். எனவே ஒவ்வொரு பாடலுக்கும் வரிசை எதனையும் சுட்டாத நிலையான அடையாளம் ஒன்று தரப்பட்டது. எப்பதிப்பில் எத்திருமுறையில் எந்த இடத்தில் அது வருகிறது என்பது தனி அட்டவணையில். வரிசைமுறையே ஒரு பாட வேறுபாடு என்பதை நூலைக் கையில் வைத்துப் புரட்டும்போது குழு உணரவில்லை. கோப்புக்குப் பெயர் வைக்க நேர்ந்தபோதுதான் உணர்ந்தது.

வரலாறு வேறு, வேறுபாடு வேறு

கிட் வந்தபின் குழுவில் ஒரு மனநிறைவு பரவியது. இனி எதுவும் தொலையாது; ஆகவே பதிப்பியல் நெறி காக்கப்பட்டது என்ற எண்ணம் அது. இவ்வெண்ணத்தையே கட்டுரையாளர் மறுக்க விரும்புகிறார்.

தமிழ்க் கணிமைச் சொல்வழக்கில் மென்பொருளின் ‘வெர்ஷன்’ என்பதையும் பதிப்பு என்றே குறிக்கிறோம், நூற்பதிப்பும் பதிப்புதான். இச்சொல் மயக்கம் கருத்து மயக்கமாகவும் ஆகிவிட்டது. கிட் பதிவது நம் தட்டச்சின் வரலாறு: மார்ச்சு மாதம் ஒருவர் ஒரு சொல்லைத் தவறாக அடித்தார், ஏப்ரலில் மற்றொருவர் திருத்தினார். 1867-இல் ஒரு பாடமும் 1972-இல் வேறொரு பாடமும் இருப்பது நூலின் வரலாறு. முன்னதற்கு உரிய இடத்தில் பின்னதை வைத்தால், அதாவது ஒரு பதிப்பின் பாடத்தைத் தட்டச்சிட்டு அதன்மேல் அடுத்த பதிப்பின் பாடத்தை ‘மாற்றமாக’ப் பதிந்தால், கடைசிப் பதிப்பே நூலாகவும் முந்தையவை கடந்துபோன பிழைகளாகவும் தோன்றும். குழுவில் ஒருவர் இவ்வாறே தொடங்கினார், நேர்த்தியாகவும் இருந்தது. ஆனால் பதிப்புகள் வளர்ச்சிப் படிகள் என்னும் கருத்தை அது கருவியின் வழியாக நுழைத்துவிடுகிறது. வேறுபாடுகள் கோப்புக்குள்ளேயே, அருகருகே, ஒரே நேரத்தில் காணத்தக்கனவாய் நிற்க வேண்டும். டி.இ.ஐ. எனப்படும் உரைக் குறியாக்க நெறிமுறையில் இதற்கென்றே தனி உறுப்புகள் உண்டு; ஒரு சொல்லிடத்தில் எல்லாப் பாடங்களையும் அவற்றின் மூலத்தோடு அடுக்கலாம்.

இருவர் ஒரே வரியை மாற்றியிருந்தால் கிட் நிறுத்திக் கேட்கிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தால்தான் மேற்செல்ல முடியும். ஒத்திசைவுச் சேவையினும் இது நேர்மையான முறை. முரணை முரண் என்றே சொல்கிறது. எனினும் தேர்வுக்குப் பின் தள்ளப்பட்ட பாடம் வரலாற்றின் அடியில் புதைகிறது. தேடுபவர் மட்டுமே காண்பார். சாமிநாதையர் தாம் கொள்ளாத பாடத்தையும் அதே பக்கத்தின் அடியில் வைத்தார். படிப்பவர் ஒவ்வொருவரும், விரும்பினும் விரும்பாவிடினும், அதனைக் கண்டாக வேண்டும். இவ்விரு செயல்களின் இடைவெளி பெரிது.

இந்நோக்கில் நாம் நாளும் எடுத்தாளும் மின்படிகளைப் பார்க்கலாம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், சுவிட்சர்லாந்தின் லோசானிலிருந்து கு. கல்யாணசுந்தரம் ஒருங்கிணைக்க, உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களால் வளர்ந்தது. தமிழாய்வில் தொலைக்கூட்டுப் பணியின் முதற்பெரும் சான்று அதுவே. அதன் கோப்புகளில் உள்ளீடு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் நன்றியுடன் தலைப்பில் வைக்கப்படுகின்றன; அச்சுத் தமிழுலகம் அச்சுக்கோப்பாளருக்கு அளிக்காத மதிப்பு இது. கோப்பின் அடியில் கடைசியாகத் திருத்திய நாளும் உண்டு. அந்நாளில் எச்சொல் எதுவாக மாறிற்று என்பது மட்டும் இல்லை. கடந்த ஆண்டு மேற்கோள் காட்டிய பாடம் இவ்வாண்டு அங்கு இருக்குமா என்று ஆய்வாளர் உறுதிசொல்ல இயலாது. விக்கிமூலம் இதில் ஒருபடி மேல். தமிழ் இணையக் கல்விக்கழகம் வழங்கிய நாட்டுடைமை நூல்களின் மின்வருடல் ஒருபுறம், எழுத்துப்பெயர்ப்பு மறுபுறம். ஒவ்வொரு பக்கத்திற்கும் முழுத் திருத்த வரலாறு. மெய்ப்புப் பார்த்தவரே அப்பக்கத்தைச் சரிபார்த்ததாகக் குறிக்க முடியாது என்னும் விதி. அங்கு மூலம் எது என்ற ஐயமே எழுவதில்லை. ஆனால் அதன் அலகு ஒரு பதிப்பின் ஒரு பக்கம். இரு பதிப்புகளை எதிரெதிர் நிறுத்துவது அதன் நோக்கமன்று.

குறை அம்முயற்சிகளுடையது என்பதைவிட நம்முடையது என்பதே பொருந்தும். வாய்மொழித் தேர்வில் அச்சுநூலின் பதிப்பாண்டைக் கேட்கும் நாம் மின்படியின் நிலையைக் கேட்பதில்லை. பல ஆய்வேடுகளில் மேற்கோள் மின்படியிலிருந்து எடுக்கப்பட்டு, அடிக்குறிப்பு மட்டும் அச்சுநூலுக்கு இடப்படுகிறது. இதனை அறியாத நெறியாளர் குறைவு. கட்டுரையாளரின் இயலும், அட்டவணை அவ்வளவு தூய்மையாக இல்லாதிருந்தால், இதே வழியில் சென்றிருக்கும்.

இப்போதுள்ள ஏற்பாடு

ஒவ்வொரு பதிப்புக்கும் தனிக் கோப்புறை. அதில் எழுத்துப்பெயர்ப்பு மட்டும். அச்சுப் படியைப் பார்த்துச் செய்யும் திருத்தமன்றி வேறெதுவும் அங்கு நுழையாது. திருத்துபவர் பக்க எண்ணைக் காரணமாக எழுத வேண்டும். தேடலுக்கும் ஒப்பீட்டுக்கும் வேண்டிய சீராக்கங்களை நிரல் வேறொரு கோப்புறையில் உருவாக்குகிறது; அதனை எவரும் எப்போதும் அழித்து மீண்டும் உருவாக்கலாம். நிழற்படங்கள் களஞ்சியத்திற்கு வெளியே, வன்தட்டில், இரு ஊர்களில் உள்ளன. ஒத்திசைவுச் சேவையைக் குழு கைவிடவில்லை. கூட்டக் குறிப்புகளும் பயணச் சீட்டுகளும் இன்றும் அதில்தான்.

கட்டளைகளைத் தட்டச்சு செய்து பழகுவது விழுப்புரம் ஆசிரியருக்கு எளிதாக இல்லை. ஒரு மாதம் அவர் தம் திருத்தங்களைத் தாளில் எழுதி, அதன் படத்தை வாட்ஸப்பில் அனுப்பினார். கட்டுரையாளர் அவர் பெயரில் பதிந்தார். அத்தாள்களில் ஏன் மாற்ற வேண்டும் என்பதற்கு இரண்டு மூன்று வரிகள் இருக்கும். குழுவின் பதிவுகளில் மிகத் தெளிவான காரணங்கள் அவருடையவையே.

பாலகிருஷ்ண பிள்ளை பதிப்பில் மீளப் பார்க்க இயலாத இடங்களில் ‘சோதி’ என்றோ ‘ஜோதி’ என்றோ எழுதாமல், அச்சுப் படி காணப்பெறவில்லை என்னும் குறி இடப்பட்டுள்ளது. இயலின் அட்டவணையிலும் அவ்விடங்கள் வெற்றாகவே உள்ளன. நூல்களுக்கு உரியவர் தைப்பூசத்திற்கு ஆண்டுதோறும் வடலூர் வருபவர். அடுத்த முறை எஞ்சிய தொகுதிகளை எடுத்துவருவதாகச் சொல்லியிருக்கிறார்.